பழைய குடியிருப்பைக் குடும்பத்தோடு செப்பனிடுதல்

சென்னையில், 1961-இல் ஏற்பட்ட வீட்டு வசதி வாரியம் அண்ணா நகர், கே.கே. நகர், பெசன்ட் நகர் முதலிய இடங்களில் கட்டிக் கொடுத்த அடுக்குக் குடியிருப்புகளும், அதற்குச் சற்றுப் பின்னர் மயிலாப்பூர், நுங்கம்பாக்கம், அடையாறு போன்ற பகுதிகளில் பழைய பங்களாக்களின் தோட்டங்களைக் கூறுபோட்டுத் தனியார் எழுப்பிய மூன்று மாடி, நான்கு மாடிக் கட்டிடங்களும் இப்போது நாற்பது வயதையும் ஐம்பது வயதையும் தாண்டி நிற்கின்றன. அவற்றில் ஒரு ஃபிளாட்டைப் பிதுரார்ஜிதமாக அடைந்தவர்களும், இருக்கிற பணத்துக்கு இதுதான் கட்டுப்படியாகும் என்று வாங்கியவர்களும், சாவி கைக்கு வந்த மறுநாளே கேட்கத் தொடங்குகிற கேள்வி ஒன்றுண்டு: இதில் எவ்வளவை நாமே செய்துகொள்ளலாம், எவ்வளவை ஆள் வைத்துச் செய்ய வேண்டும்?

கைத்திறம் உள்ள அளவுக்கு நாமே செய்யலாம் என்று பலரும் சொல்வார்கள். என்னைக் கேட்டால், கைத்திறத்தைக் காட்டிலும் அவகாசத்தையே அளவாகக் கொள்ள வேண்டும் என்பேன். மேஸ்திரி எவ்வளவு கெட்டிக்காரராயினும், எவ்வளவு யோக்கியராயினும், அடுத்த தெருவில் அடுத்த வேலை அவருக்காகக் காத்துக்கொண்டிருக்கிறபடியால், பூச்சு இறுகும் மட்டும் ஏழு நாள் தண்ணீர் விடவும், தேங்க வைத்த தண்ணீர் கீழே கசிகிறதா என்று ஒரு பகலும் ஓர் இரவும் பொறுத்துப் பார்க்கவும், சுவரின் ஓதம் தானே உலர்ந்துபோக இடங்கொடுக்கவும் அவரால் இயலுவதில்லை. குடும்பத்துக்கு அது இயலும். ஆகவே பொறுமையைக் கேட்கிற காரியங்கள் அனைத்தையும் வீட்டார் எடுத்துக்கொண்டு, கட்டிடத்தின் பாரத்தைத் தாங்கும் பகுதிகள், மின்சாரம், சுவருக்குள் மறையும் தண்ணீர்க் குழாய் ஆகிய மூன்றையும் அந்தந்தத் தொழில் தெரிந்தவர்களிடம் விட்டுவிடுவதே உசிதமான பங்கீடு.

காலத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் இந்தப் பொறுமை வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு சுத்தியலும் எடுக்காமல், கையில் ஒரு பென்சிலை மட்டும் வைத்துக்கொண்டு, சுவரிலும் கூரைத்தளத்தின் அடியிலும் ஈரம் படர்கிற இடங்களைச் சுற்றிக் கோடு இழுத்துத் தேதி போட்டுவர வேண்டும். மழை நின்று மூன்று நாளில் மறைகிற கறை வெளியிலிருந்து வருவது. மழையே இல்லாதபோதும் மாறாமல் நிற்கிற கறை குளியலறையிலிருந்தோ குழாயிலிருந்தோ வருவது என்று பெரும்பாலும் ஊகித்துவிடலாம். தை பிறந்து பொங்கல் கழிந்த பின் வேலையைத் தொடங்கினால், அக்கினி நட்சத்திரத்தின் வெயில் சிமெண்டின் ஈரத்தை உறிஞ்சத் தொடங்குமுன் பூச்சு வேலை முடிந்துவிடும். மார்கழியில் வேலை ஆரம்பிக்கக்கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால் அவர்களோடு வாதாட வேண்டியதில்லை. சுவர் உலர்வதற்கு அந்த ஒரு மாதம் எப்படியும் வேண்டும்.

அடுத்தது உரிமை பற்றிய விஷயம். ஃபிளாட்டு நம்முடையது என்பதால் அதன் சுவர்களெல்லாம் நம்முடையவை என்று எண்ணிவிடக் கூடாது. வெளிச் சுவர், உத்தரம், தளம், தூண், பொதுக் குழாய் ஆகியவை எல்லாருக்கும் பொது. தமிழ்நாட்டில் இதற்கென்று 1994-இல் ஒரு சட்டமும், அதற்குப் பதிலாக 2022-இல் ஒரு புதிய சட்டமும் இயற்றப்பட்டிருக்கின்றன. சட்டம் கிடக்கட்டும், கட்டிடத்தின் இயல்பே நம்மைத் தடுக்கிறது. அக்காலத்து மூன்று மாடிக் கட்டிடங்களில் பல, தூண்களின்மேல் நில்லாமல் ஒன்பது அங்குலச் செங்கற் சுவர்களின்மேலேயே நிற்பவை. கூடத்தையும் படுக்கையறையையும் ஒன்றாக்கி விசாலமாக்க ஆசைப்படுகிறவர், முதலில் நிலைக்கதவின் அருகே சுவரின் கனத்தை அளந்து பார்த்து, அதே சுவர் மேல் வீட்டிலும் அதே இடத்தில் தொடர்கிறதா என்று விசாரிக்க வேண்டும். இரண்டும் ஆம் என்றால், பொறியாளர் ஒருவர் நேரில் வந்து பார்த்து எழுதிக் கொடுக்காமல் அதில் ஓர் ஆணியைவிடப் பெரியதாக எதையும் அடிக்க வேண்டாம். நாலரை அங்குலத் தடுப்புச் சுவரைக்கூடக் கேட்டுக்கொண்டே தொட வேண்டும்.

குடும்பத்தின் நிர்வாகத்தைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். உறவினர் உதவிக்கு வரும்போது அபிப்பிராயங்களும் உடன் வரும். கோயம்புத்தூரில் தாம் வீடு கட்டிய விதத்தை விஸ்தாரமாகச் சொல்லுகிற மாமா ஒருவர் எந்தக் குடும்பத்திலும் உண்டு. அவர் சொல்வதில் பாதி உண்மையாகவும் இருக்கும் என்பதே சங்கடம். ஆதலால் முடிவு சொல்லுகிறவர் ஒருவரே என்று முதல் நாளே தீர்மானித்து, அவர் வயதில் இளையவராக இருந்தாலும், 'சித்தப்பா, இன்றைக்கு இந்த அறை மட்டும்தான்' என்று அவர் சொன்னால் சித்தப்பா கேட்டுக்கொள்ளும்படியான ஏற்பாட்டைச் செய்துகொள்ள வேண்டும். குளியலறையையும் சமையலறையையும் ஒரே வாரத்தில் கொத்திப் போடக்கூடாது. வேலை செய்கிறவர்களுக்கு வேளைக்குச் சோறும் கைகால் கழுவ ஓர் இடமும் இல்லாமற்போனால் பாசம் நான்கு நாளைக்குமேல் தாங்காது.

இனி வீட்டை ஆராய்வது. இதற்கு வேண்டிய முதல் கருவி, மரப்பிடி போட்ட ஒரு சிறிய சுத்தியல். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, தலைக்குத் தொப்பி வைத்து, உறுதியான ஏணியில் நின்று, கூரைத்தளத்தின் அடிப்பாகத்தைச் சாண் சாணாகப் பிடிப்பக்கத்தால் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல கான்கிரீட்டு 'டங்' என்று சுருக்கமாகப் பதில் சொல்லும். உள்ளே விட்டுப்போன இடம் 'டொப் டொப்' என்று பொள்ளலாக ஒலிக்கும். இப்படி ஒலிக்கிற பரப்பைச் சாக்கட்டியால் கோடிட்டு வந்தால், பெரும்பாலும் அது ஒரு நேர்க்கோட்டில் நீளுவதைக் காணலாம். அந்தக் கோடுதான் உள்ளே ஓடும் கம்பி. புதிய கான்கிரீட்டுக்குள் உள்ள காரத்தன்மை கம்பியைத் துருவிலிருந்து காப்பாற்றுகிறது. பல ஆண்டுகளாகக் காற்றிலுள்ள கரியமிலவாயு புகப் புக அந்தக் காரம் குன்றுகிறது. கடற்காற்றின் உப்பும் சேர்ந்துகொண்டால் துரு விரைவாகப் பிடிக்கிறது. துருவானது தான் தின்ற இரும்பைப்போல் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், தன்னை மூடியிருக்கும் கான்கிரீட்டைக் கீழே தள்ளுகிறது. திருவான்மியூர், பெசன்ட் நகர் வீடுகளில் கூரைக் காரை விழுந்தது என்று கேள்விப்படுவதெல்லாம் இதன் விளைவே. இதன்மேல் பட்டி பார்த்து வெள்ளையடித்து மூடுவதைக் காட்டிலும் அபாயமான சிக்கனம் வேறில்லை.

பொள்ளலான பகுதியை உளியால் மெல்லக் கொத்தி எடுத்தபின் தெரிகிற கம்பியைக் கவனித்துப் பார்க்க வேண்டும். மேலே பழுப்புப் பொடி இருந்தும் கம்பியின் கனம் குறையாமல் இருந்தால், அதன் பின்புறமும் கம்பித் தூரிகை நுழையும்படி சுற்றிலும் கொத்தி, துரு முழுதும் போய் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, துத்தநாகம் கலந்த காப்புப் பூச்சு ஒன்றைத் தடவ வேண்டும். இவ்வளவையும் வீட்டார் பொறுமையோடு செய்யலாம். அதன்மேல் பிடிப்புக் குழம்பு பூசிப் பாலிமர் கலந்த சாந்தால் அடைப்பது கைப்பழக்கம் உள்ள கொத்தனாரின் வேலை. ஆனால் கம்பி மெலிந்து ஊசியாகியிருந்தாலும், உத்தரத்தின் நீளவாக்கில் வெடிப்பு ஓடியிருந்தாலும் உளியைக் கீழே வைத்துவிட்டுப் பொறியாளரை அழைப்பதே முறை. மின்விசிறி தொங்குகிற கொக்கியையும் இந்தச் சமயத்திலேயே பார்த்துவிட வேண்டும்.

கொத்திய காரையும் செங்கல் துண்டுகளும் அறையின் நடுவில் குவிவது வழக்கம். அப்படிக் குவிக்கக் கூடாது. குடியிருப்புத் தளம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ பாரத்தை உத்தேசித்துக் கணக்கிடப்படுவது. ஓரடி உயரத்துக்கு இடிபாடு கிடந்தால் அந்த அளவு கடந்துவிடும். அன்றாடம் அரிசிச் சாக்குகளில் பாதியளவுக்கு மட்டும் நிரப்பிக் கீழே இறக்கிவிட வேண்டும். முழுச் சாக்கைத் தூக்கி முதுகைப் பிடித்துக்கொண்ட மைத்துனர் மறுநாள் வரமாட்டார். சாக்குகளை ஏரிக்கரையிலோ காலி மனையிலோ கொட்டாமல், இடிபாடுகளை வாங்கிக்கொள்ள மாநகராட்சி செய்திருக்கும் ஏற்பாட்டை வட்டார அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வது நல்லது. பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இவற்றை அரைத்து மறுபடி உபயோகப்படுத்தும் ஆலைகள் உண்டு.

பழைய ஃபிளாட்டில் அயலாரோடு மனஸ்தாபத்துக்கு மூலகாரணம் குளியலறை. கீழ்வீட்டுக்காரர் தம் கூரையில் ஈரம் என்று சொன்னவுடன் தரை முழுவதையும் பெயர்த்தெடுக்கச் சொல்லுகிற மேஸ்திரிகள் உண்டு; அவசரப்பட வேண்டாம். தண்ணீர் வெளியேறும் நஹானி துவாரத்தை மணல் நிரப்பிய துணிப்பையால் அடைத்து, வாசற்படியில் சாந்தினால் ஒரு சிறு வரம்பு கட்டி, இரண்டு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பி, அதன் விளிம்பைச் சுவரில் பென்சிலால் குறித்து, ஒரு முழு நாள் யாரும் உள்ளே போகாமல் விட்டுவிட வேண்டும். கீழ்வீட்டாரிடம் முன்னதாகவே சொல்லி, அவர்கள் கூரையையும் உடன் பார்த்துவரச் செய்தால், பரீட்சை பலிப்பதோடு பகையும் பாதி தணியும். தண்ணீர் இறங்கிக் கீழே கறை பெரிதானால் தரையில்தான் குற்றம். இறங்காமல் நின்றால் சுவருக்குள் போகும் குழாயைச் சந்தேகிக்க வேண்டும். தரையில் குற்றமென்றாலும், பெரும்பாலும் அது நஹானியைச் சுற்றிய கழுத்திலும், ஓடுகளின் இடுக்கிலும், தரையும் சுவரும் கூடுகிற மூலையிலுமே இருக்கும். ஆகவே முதலில் அந்த இடங்களைச் சுரண்டிச் சுத்தம் செய்து, எபாக்ஸி நிரப்பி, மறுபடி தண்ணீர் கட்டிப் பார்த்து, அதற்கும் அடங்காவிட்டால்தான் தரையைப் பெயர்க்க வேண்டும். பெயர்த்துப் புதிய நீர்த்தடுப்புப் பூச்சு பூசினால், ஓடு பதிப்பதற்குமுன் இரண்டு நாள் தண்ணீர் கட்டி நிறுத்தியாக வேண்டும். இந்த இரண்டு நாளை மேஸ்திரி விரும்பமாட்டார். நாம் விட்டுக்கொடுக்கக் கூடாத இடம் இது. வாட்டம் எட்டடிக்கு ஓர் அங்குலத்துக்குக் குறையலாகாது. ஒரு கோலிக்குண்டை வைத்துப் பார்த்தால் குழந்தைகளே சொல்லிவிடுவார்கள்.

கூடத்தின் தரையைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பிடிவாதமான அபிப்பிராயம் உண்டு. அக்காலத்து மொசைக் தரையும், அதற்கு முந்திய காவி நிறத் தரையும் மங்கிப் போயிருப்பது அழுக்கினாலேயே தவிர, தேய்மானத்தினால் அல்ல. அதன்மேல் சாந்து பரப்பிப் பெரிய வெள்ளை ஓடுகளைப் பதிக்கிற நவீன ஆசைக்கு இணங்கினால், இரண்டு அங்குலக் கனமுள்ள சாந்தும் ஓடும் நூறு சதுர அடி அறையில் ஏறத்தாழ ஒரு டன் பாரத்தை ஏற்றுகின்றன. கதவுகளின் அடியை அறுக்க வேண்டிவருகிறது. வாசற்படியில் கால் தடுக்குகிறது. அதற்குப் பதிலாக, மொசைக் தேய்க்கும் யந்திரத்தை ஆளோடு வரவழைத்து, முதலில் முரட்டுக் கல்லாலும் பின்பு படிப்படியாக மிருதுவான கல்லாலும் தண்ணீர் விட்டுத் தேய்க்கச் செய்து, கடைசியில் ஆக்ஸாலிக் அமிலப் பொடியால் மெருகேற்றச் செய்தால், பாட்டி காலத்தில் பதித்த பச்சைச் சில்லும் மஞ்சள் சில்லும் தனித்தனியே மேலே எழுந்து தெரியும். யந்திரம் எட்டாத மூலைகள் சுமார் ஒரு சாண் அகலத்துக்கு மிஞ்சும். அங்கே கார்போரண்டக் கல்லைக் கையில் பிடித்து உட்கார்ந்து தேய்ப்பது வீட்டார் வேலை. தேய்க்கத் தேய்க்கச் சிமெண்டுப் பால் போன்ற ஒரு சேறு ஊறும்; அதை உடனுக்குடன் துடைத்து எடுக்காவிட்டால் உலர்ந்து மறுபடி ஒட்டிக்கொள்ளும். உடைந்த இடங்களுக்கு வெள்ளை சிமெண்டில் வர்ணப்பொடியும் அதே நிறச் சில்லும் கலந்து அடைத்து, அது நன்றாக இறுகிய பிறகே தேய்க்க வேண்டும்.

மின்சாரத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. பீங்கான் ஃபியூஸ் கட்டையும் அலுமினியக் கம்பியும் இருந்தால் அவை அனைத்தும் போக வேண்டும், உரிமம் பெற்ற மின்பணியாளரே அதைச் செய்ய வேண்டும், விளக்குக்கு 1.5, சாதாரணப் பிளக்குக்கு 2.5, குளிர்சாதனத்துக்கு 4 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியும், 30 மில்லி ஆம்பியர் கசிவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்புக் கருவியும், சரியான எர்த்தும் இருக்கின்றனவா என்று நாம் பார்த்துக்கொண்டால் போதும். குழாய் பதிக்கச் சுவரில் வெட்டும் காடி மேலிருந்து கீழாக இருக்க வேண்டும், சுவரின் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆழம் போகக் கூடாது. பாரம் தாங்கும் சுவரில் குறுக்குவாட்டில் நீண்ட காடி வெட்டினால் சுவர் பலவீனப்படும். துருப்பிடித்த ஜி.ஐ. தண்ணீர்க் குழாய்களை மாற்றும்போதும் இதே விதி.

சமையல் மேடையை எல்லா வீட்டிலும் ஒரே உயரத்தில் கட்டிவிடுகிறார்கள். நாள்தோறும் அங்கே நிற்கப்போகிறவர், அம்மாவோ அப்பாவோ மனைவியோ யாராயினும், வெறுங்காலோடு நின்று முழங்கையை மடித்துக் காட்டட்டும். முழங்கை நிற்கும் உயரத்திலிருந்து நான்கு அங்குலம் கீழே மேடையின் மேற்பரப்பு வந்தால் தோள்பட்டை நோகாது. பழைய கடப்பைக்கல் அலமாரிகளை உடைத்தெறிய வேண்டாம். கரையான் அரிக்காத, தண்ணீரில் ஊறாத அலமாரிக்கு இன்னும் அதைவிட நல்ல சாமான் வரவில்லை.

பூச்சு வேலையைக் கொத்தனார் செய்யட்டும். சுவருக்கு ஒரு பங்கு சிமெண்டுக்கு ஐந்து பங்கு மணல், கூரையடிக்கு நான்கு பங்கு என்று பாண்டில் அளந்து போடச் சொல்லிப் பக்கத்தில் நிற்பதும், தண்ணீர் சேர்த்துக் குழைத்த கலவையை அரைமணி நேரத்துக்குள் தீர்க்கும்படி சிறிது சிறிதாகக் குழைக்கச் சொல்வதும், மத்தியான்னச் சாப்பாட்டுக்கு முன் குழைத்து மிஞ்சிய கலவையில் மறுபடி தண்ணீர் ஊற்றிக் கிண்டுவதைத் தடுப்பதும் நம் பொறுப்பு. அவர் போனபின் நம் காரியம் ஆரம்பமாகிறது. மறுநாளிலிருந்து ஏழு நாள், காலையிலும் மாலையிலும், வெயில் உள்ளே விழுகிற சுவரானால் மத்தியான்னத்திலும், பூச்சு வெளுக்காதபடி தண்ணீர் தெளிக்க வேண்டும். ஈரம் குன்றினால் சிமெண்டு பாதியில் நின்றுவிடுகிறது; பிறகு எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் இழந்த வலிமை முழுதும் திரும்பாது. இதைச் சிறுவர்களிடம் ஒரு கைப்பம்போடு ஒப்படைத்து, சுவரில் ஒரு தாள் ஒட்டி, தெளித்தவர் கையெழுத்துப் போட வேண்டும் என்று விதித்துவிட்டால், கூலிக்கு ஒருவர் செய்வதைவிட ஒழுங்காக நடக்கும்.

வர்ணம் பூசுவதுதான் வீட்டார் அனைவரும் ஆசையோடு காத்திருக்கும் கட்டம். கெடுவதும் இங்கேதான் அதிகம். பழைய சுவரில் வருஷா வருஷம் அடித்த சுண்ணாம்பு பல படலமாக இருக்கும். உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துப் பார்த்து, மாவுபோல் வெள்ளை ஒட்டினால், அந்தச் சுவரில் எமல்ஷன் நிற்காது. அடுத்த மழைக்காலத்தில் தோல் உரிவதுபோல் உரியும். சுரண்டுதகட்டால் பூச்சுத் தெரியும்வரை எடுத்தாக வேண்டும். உப்புப் பூத்த இடங்களை ஈரத்துணியால் துடைத்தால் உப்பு கரைந்து மறுபடி உள்ளேயே போகும். உலர்ந்த தூரிகையால் தட்டிப் பெருக்கி எடுக்க வேண்டும். ஓதம் போய்விட்டதா என்று அறிய, இரண்டடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளை நான்கு விளிம்பும் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பார்க்கலாம். தாளின் உட்புறத்தில் நீர்த்துளி கண்டால் இன்னும் பொறுக்க வேண்டும். கதவு, ஜன்னல் கம்பிகளில் உள்ள பழைய எனாமலில் ஈயம் கலந்திருக்க இடமுண்டு. வீட்டு வர்ணங்களில் ஈயத்தை 90 பி.பி.எம்.-க்குள் அடக்கும் விதிகள் 2016-இல் வந்து 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தவையே. ஆகவே அந்த எனாமலை உலரத் தேய்க்காமல், நீர்க் காகிதத்தைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, தூசியைத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அன்று வேறு வீட்டில் இருக்கட்டும். புதுப் பூச்சின்மேல் ஏறத்தாழ நான்கு வாரம் கழித்தே பிரைமர் அடிக்க வேண்டும். அதற்குமேல் பட்டி இரண்டு முறை, உப்புத்தாள், மறுபடி பிரைமர், பிறகே வர்ணம்.

சுவர்களை மூடுமுன் குழாயும் கம்பியும் போகிற வழியை அளவுகோல் பக்கத்தில் தெரியும்படி புகைப்படம் எடுத்து, தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் எத்தனை அங்குலம் என்று ஒரு படம் வரைந்து, மெயின் சுவிட்சுப் பெட்டிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவைக்க வேண்டும். மிஞ்சிய குளியலறை ஓடுகளில் ஒரு பெட்டியும், ஒவ்வொரு அறை வர்ணத்திலும் அரை லிட்டரும், கடைக்காரர் கொடுத்த நிற எண்ணும் அறையின் பெயரும் எழுதிப் பரணில் இருக்கட்டும். வர்ணத் தகரத்தின் மூடியை இறுக்கித் தட்டி வைத்தால் அடுத்த சில ஆண்டுகளில் வரும் சில்லறைப் பழுதுகளுக்கு உதவும்.